பாட்டுக் கேட்டுக்கொண்டே தங்கமுத்து மாமாவின் ஏலக்காயைக் கருக்கியது

என் கல்யாணச் செலவை நானே அடுப்பில் வைத்து எரித்தவன் நான். குடித்துவிட்டுச் செய்திருந்தால் ஊர் மன்னித்திருக்கும். குடிக்கவில்லை. பாட்டுக் கேட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலத்தோட்டத்து ஸ்டோரில் தீப்போடும் வேலை. ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டடம். வெளிச்சுவரில் அடுப்பு. அடுப்பிலிருந்து பெரிய தகரக் குழாய் உள்ளே போய் அறையைச் சுற்றி வரும். குழாய்க்கு மேலே தட்டுத் தட்டாகப் பச்சைக் காய். சூடு அளவாக இருந்தால் பச்சை மாறாமல் காயும். கூடினால் வெடிக்கும், நிறம் போகும்.

அறைக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. நான் அதைப் பார்த்ததில்லை. (அஞ்சாப்போட நின்னவன். அதுல நம்பர் எல்லாம் எறும்பு மாதிரி இருக்கும்.) எனக்குக் காதுதான். சூடேறிய தகரம் டிங், டிங் என்று சத்தம் விடும். நெருக்கமாக வந்தால் சூடு போதும். இடைவெளி விழுந்தால் விறகு வைக்க வேண்டும். மூன்று வருடம் ஒரு காய் கெடவில்லை. முதலாளி என்னைக் காதுக்காரன் என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்.

அப்போதுதான் அந்த கேசட் வந்தது.

கொண்டுவந்தவன் குஞ்ஞுமோன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு டிரைவர். அவன் அண்ணன் கப்பலில் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியதாம். அட்டையில் ஒரு புகைபோக்கி படம். பெயரைப் படிக்க எங்களில் ஆள் இல்லை. நாங்களே 'இரும்புக் கம்பெனி' என்று பெயர் வைத்தோம். வயலின் கிடையாது, தபேலா கிடையாது. தகரத்தை அடிப்பார்கள். சங்கிலியை இழுப்பார்கள். நடுவில் ஒருவன் கிணற்றுக்குள் இருந்து புகார் சொல்வதுபோலப் பாடுவான்.

போடியில் மைக்செட் கடை வைத்திருந்த செல்லப்பாண்டி முதல் தடவை கேட்டதும் டேப்பைத் திருப்புளி போட்டுக் கழற்றிவிட்டான், உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று. மூன்றாவது தடவை கடைச் சட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து கேட்டான்.

எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. அது என் ஸ்டோர் சத்தம். எங்கேயோ ஒரு தூர தேசத்தில், இதேபோலப் பனியில், என்னைப்போல ஒருத்தன் குழாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடையில் கூடுவோம். பேச்சு முழுக்க அதுதான். முதல் பக்கத்தில் வந்த பாட்டு ஒன்று இரண்டாம் பக்கத்தில் மறுபடி வரும். அதே பாட்டு, ஆனால் வேறு. பாடுகிறவன் பாதியில் காணாமல் போவான். அடி மட்டும் நீளமாகப் போகும். இன்றைக்கு அதை ரீமிக்ஸ் என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது.

"ஒரு தடவ பாடுனது பத்தாதுன்னு திரும்பப் பாடிருக்கான். அப்ப முதல்ல பாடுனது தப்பு" என்றான் செல்லப்பாண்டி.

"எதுடா தப்பு? ரெண்டாவதுல அவனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. அதான் பாதியில போயிட்டான்" என்றேன் நான்.

"எடா, ரெண்டும் வேணும். ஒண்ணு மலை ஏறும்போ, ஒண்ணு இறங்கும்போ" என்றான் குஞ்ஞுமோன். அவனுக்கு எல்லாமே ஜீப்பு.

ஒரு வருடம் இந்தச் சண்டை ஓடியது. நான் முதல் பாட்டுக் கட்சி. கடைசிவரை மாறுவதில்லை என்று இருந்தேன்.

கேசட்டின் கடைசியில் மேடையில் வாசித்தது வரும். அதில் மட்டும் மூவரும் ஒன்று. கூட்டம் கைதட்டும். மழை ஓட்டின் மேல் இறங்குவது போல இருக்கும். எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசிப்போம். போடிச் சந்தைக் கூட்டம் இருக்கும் என்பான் செல்லப்பாண்டி. அவனுக்குத் தெரிந்த பெரிய கூட்டம் அதுதான்.

மார்கழியில் தங்கமுத்து மாமா வந்தார். சிலமலைக்காரர். அம்மா வழியில் உறவு. அவர் மகள் ஈஸ்வரியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம். மலைச்சரிவில் அவருக்கு ரெண்டு ஏக்கர் ஏலம் உண்டு, ஸ்டோர் கிடையாது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு காயை எங்கள் ஸ்டோருக்கே ஏற்றிவந்தார்.

"மாப்ளே, இந்தக் காய வித்துத்தான் கல்யாணம். பச்ச மாறாம எடுத்துக் குடு."

"சரி மாமா."

"பாத்துக்கிருவேல்ல?"

"பாக்க மாட்டேன் மாமா, கேப்பேன்" என்றேன். (அவ்வளவு திமிர்.)

அவர் தோட்டத்தைப் பார்க்கப் போனார். மதியத்துக்கு மேல் பனி இறங்கியது. எதிரில் இருந்த விறகுக் குவியல் கரைந்துபோனது. அப்புறம் மரங்கள். உலகத்தில் நானும் அடுப்பும் மட்டும். பச்சைக் காய் சூடேறும் வாசனை சுவரைத் தாண்டி வந்தது. கல்யாணத்தை நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்துக்கு ஒரு பாட்டு இருந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. குஞ்ஞுமோனின் டேப்பை ஸ்டோருக்குக் கொண்டுவந்திருந்தேன். கடைசிப் பகுதியைப் போட்டேன்.

டிங், டிங், டிங். மேடையில் அடிக்கிறார்கள். கண் சொக்கியது. நான் அந்தக் கூட்டத்துக்குள் நின்றேன். எல்லாம் இரும்பில் செய்த ஊர். வீடு இரும்பு, மரம் இரும்பு. ஈஸ்வரி ஓர் இரும்புப் பாலத்தில் பச்சைச் சேலையில் நிற்கிறாள். மேலே இருந்து பனி, ஏலக்காய் வாசனையோடு.

அடி கொஞ்சம் மெதுவானது. டிங். டிங்.

இடைவெளி விழுந்துவிட்டது. கை தானாகப் போய் விறகு வைத்தது. மூன்று வருடப் பழக்கம்.

இன்னும் மெதுவானது. இன்னும் வைத்தேன். வைக்க வைக்க மெதுவானது. குழாய் இப்படி ஒருநாளும் செய்ததில்லை. ஈர விறகு போல என்று நினைத்து நல்ல காய்ந்த கட்டையாகப் பொறுக்கி வைத்தேன். பாட்டுக்காரன் குரல் எருமை மாதிரி இழுத்துக்கொண்டே போனது. அதுவும் எனக்கு அழகாகத்தான் இருந்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது தோன்றவே இல்லை.

கடைசியில் அடி ஒரேயடியாக நின்றது. அடுப்பு அணையப்போகிறது என்று பயந்து பெரிய கட்டை மூன்றைத் தள்ளிவிட்டு மறுபடி சாய்ந்தேன்.

அப்புறம் கைதட்டினார்கள். முதலில் ஒருத்தர் இரண்டு பேர். பிறகு கூட்டம் முழுக்க. படபடவென்று. இப்படி ஒரு கைதட்டலை அந்த கேசட்டில் நான் கேட்டதே இல்லை. ஈஸ்வரியும் பாலத்தில் நின்று தட்டினாள்.

யாரோ தோளைத் தொட்டார்கள். தங்கமுத்து மாமா.

"மாப்ளே, உள்ள என்னமோ பொரியுதே."

"கைதட்டுறாங்க மாமா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். அது எப்போதோ நின்றிருந்தது. கதவைத் திறந்தார். தட்டு முழுக்கக் காய் வெடித்துக்கொண்டிருந்தது. காபிக்கொட்டை நிறம்.

மாமா கத்தவில்லை. அடுப்பிலிருந்து கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். பிறகு உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அந்தப் பீடி முடியும்வரை நான் நின்றேன். அதைவிட நீளமான பீடியை நான் பார்த்ததில்லை.

மறுநாள் போடியில் வியாபாரி ஒரு காயை மோந்துபார்த்தார்.

"அண்ணே, இது சுருட்டுல்ல?" என்று திருப்பி வைத்தார்.

முதலாளி என்னைக் களையெடுக்க அனுப்பினார். அங்கே காதுக்கு வேலை இல்லை. மாமா கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளலாம் என்றார். வைகாசி என்று சொன்னார், முகத்தில் வைகாசி இல்லை. என் அம்மா அழுதாள். எனக்கும் தெரிந்தது, இத்தோடு சரி என்று.

அடுத்த ஞாயிறு செல்லப்பாண்டி கடையில் உட்கார்ந்திருந்தேன். ஈஸ்வரி வந்து நின்றாள். பின்னால் மாமா, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"என் கல்யாணத்தக் கெடுத்த பாட்டு எது?" என்று செல்லப்பாண்டியைக் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கேசட்டைப் போட்டான். ஸ்டூலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். சிரிக்கவில்லை, காதைப் பொத்தவில்லை. இரண்டாம் பக்கமும் கேட்டாள். அந்தப் பாட்டு மறுபடி வந்தபோது தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ரெண்டாவதா வர்றதுதான் நல்லாருக்கு" என்றாள்.

"தங்கச்சி சொல்லிருச்சு. முடிஞ்சுபோச்சு" என்றான் செல்லப்பாண்டி. ஒரு வருடச் சண்டை. முதல் பாட்டுக் கட்சியை அன்றோடு கலைத்தேன்.

அவள் மாமா பக்கம் திரும்பினாள். "அப்பா, தையிலயே வைங்க. பட்டெல்லாம் வேணாம். கோயில்ல வச்சுக் கட்டுனாப் போதும்."

"சாப்பாடு?"

"பாயசம் ஊத்துவோம். ஏலக்காய்க்கா பஞ்சம்?"

மாமா அன்றைக்குத்தான் சிரித்தார்.

அப்படியே நடந்தது. பந்தியில் எல்லோரும் பாயசத்தைக் குடித்துவிட்டு இலையைப் பார்த்தார்கள். "எங்கயோ தீப்பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார் ஒரு பெரியவர். இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டார்.

மிச்சம் மூட்டை மூட்டையாக வீட்டில் கிடந்தது. தூக்கிப்போட ஈஸ்வரிக்கு மனம் வரவில்லை. டீ, பொங்கல், கேசரி எல்லாம் அதில்தான். எங்கள் மூத்தவளுக்குப் பள்ளிக்கூட வயது வந்த பிறகும் தீரவில்லை. ஒருநாள் அவள் டீச்சர் வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு கிண்ணத்தில் நல்ல பச்சை ஏலக்காய். இவள் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாளாம்.

"டீச்சர், இது இன்னும் பழுக்கல."

ஏலமலைக்கடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. சிலமலையில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதை ஒருத்தர் சொல்லிவிடுகிறார். நான் பாயசத்தைக் குனிந்து குடித்துக்கொண்டிருப்பேன்.