சுபேதார் பெண் கேட்கப் போனார்

மலாக்காவில் சூரியன் தானாக உதிக்கிறது என்று நம்புகிறவர்கள் எங்கள் சுபேதாரைப் பார்க்காதவர்கள். செங் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவர் உத்தரவு போட்ட பிறகுதான் கிழக்கு வெளுக்கும். கொஞ்சம் பிந்தியிருந்தால் சூரியனும் திட்டு வாங்கியிருக்கும்.

இந்தியப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, பல சண்டைகள் பார்த்து, தலை நரைத்த பிறகு சுபேதாராக வெளியே வந்தவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் துரையும் பழைய பட்டாளத்துக்காரர். இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் துருக்கிக்காரனோடு சண்டை போட்ட பஸ்ரா பாலைவனத்தைப் பற்றிப் பேசினார்கள். மறுநாள் அவர் எங்களை மேய்க்கும் தண்டலாகிவிட்டார். 1930களின் தொடக்கம் அது. நான் கலியாண வயதில் இருந்த பால்வெட்டுக்காரன்.

விடியற்காலைப் பெரட்டு என்றால் பேரைக் கூப்பிட்டதும் பதில் சொல்லிவிட்டு மரத்துக்குப் போவதுதான் வழக்கம். அவரிடம் அது நடக்காது. உயரப்படி வரிசை. நெஞ்சு முன்னால். எல்லா வாளியும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். ஒரு வாளி பிந்திச் சத்தம் போட்டாலும் எல்லோரும் மறுபடி தூக்க வேண்டும். பிந்துகிற வாளி எப்போதும் என்னுடையது. வெயில் ஏறினால் பால் வடியாது என்று அவருக்கு யார் சொல்வது? என்னோடு பால் வெட்டும் ராக்காயி அக்கா சொன்னாள்.

"ஐயா, மரம் என்ன துருக்கிக்காரனா, ஓடிப் போய் ஒளிய? நேரமாவுது, எங்கள விடுங்கலா."

"மரம் ஒழுங்கா வரிசையில நிக்கிது. அதப் பாத்துக் கத்துக்க," என்றார் அவர்.

மழை பெய்தால் வெட்டு கிடையாது, பெரட்டு உண்டு. நனைந்துகொண்டே நின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அவருக்குப் பணியாதவை கோழிகள் மட்டுமே. அதில் அவருக்கு நிரம்ப வருத்தம்.

இந்த நிலைமையில்தான் எனக்குப் பக்கத்து ஊரான பத்து பெரண்டாமில் இருந்த மாட்டுவண்டிக்காரர் மகள் பாக்கியத்தின் மேல் மனசு போனது. பாச்சாங்கில் ஒரு கோயில் திருவிழாவில் பார்த்தேன். பேச வாய் வரவில்லை. ராக்காயி அக்காதான் போய்ச் சொன்னாள். "பெரியவங்க யாராச்சும் தட்டோட வந்து கேக்கட்டும். இந்த ஞாயித்துக்கிழமை தாண்டினா வேற எடம் பாத்துருவேன்," என்றார் பெண்ணின் அப்பா.

எனக்குப் பெரியவர் ஏது? தனியாகக் கப்பலேறி வந்தவன். ஒரே கப்பலில் வந்தவர்கள்தான் இங்கே சொந்தம். ரப்பர் விலை விழுந்தபோது அவர்களையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் அக்காவும் இதைப் பேசியது சுபேதார் காதில் விழுந்தது.

"நான் நடத்துறேன்," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம். அவர் எங்களை இருட்டோடு வரிசையில் நிறுத்தினார்.

"எதிரி முழிக்கிறதுக்கு முன்னால போயிறணும்."

"பொண்ணு வீடுங்கய்யா," என்றேன்.

"ரெண்டுக்கும் ஒரே ஏற்பாடுதான். நட."

வெற்றிலைத் தட்டும் பழத்தட்டும் ஏந்திய பெண்கள் இடது வலது என்று கால் மாற்றி நடந்தார்கள். விடிவதற்குள் போய்ச் சேர்ந்து, சுபேதார் கையிலிருந்த பிரம்பால் கதவைத் தட்டினார். கைலியைக் கட்டிக்கொண்டே வெளியே வந்த பெண்ணின் அப்பா, காக்கிச் சட்டையையும் மெடல்களையும் பார்த்து, விளக்கில்லாத வண்டியைப் பிடிக்க வந்த போலீஸ் என்று நினைத்துவிட்டார்.

"வண்டியில விளக்கு இருக்குங்க. எண்ணெயும் ஊத்தியிருக்கேன்," என்றார் பாவம்.

விஷயம் விளங்கி, எங்களை உட்காரவைத்து, "மாப்பிள எப்படி?" என்று சுபேதாரைக் கேட்டார்.

"பெரட்டுக்குப் பிந்துவான். வாளிய ஒழுங்கா வெக்கத் தெரியாது. இடது கால் எது, வலது கால் எதுன்னு இன்னும் சந்தேகம்."

"ஐயா, நல்லதா நாலு சொல்லுங்க," என்று அக்கா கெஞ்சினாள்.

"கேட்டதுக்கு உள்ளதச் சொன்னேன்."

உள்ளே வளையல் சத்தம் சட்டென்று நின்றது. பெண்ணின் அப்பா தட்டை எங்கள் பக்கம் தள்ளினார்.

"நீங்களே இப்படிச் சொல்ற பயலுக்கு நான் ஏன் பொண்ணக் குடுக்கணும்? மொதல்ல நீங்க இவனுக்கு என்ன ஒறவு?"

 சுபேதார் பிரம்பைக் கீழே வைத்தார்.

"ஒறவு இல்ல," என்றார். "இவன் வயசுப் பயலுகள நெறைய வரிசையில நிறுத்தி அனுப்பியிருக்கேன். பாதிப் பேரு திரும்பல. ஒருத்தனையாச்சும் கலியாணத்துக்கு அனுப்பணும்னு தோணுச்சு. அதான் வந்தேன்."

 பெண்ணின் அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பாக்கியம், எல்லாருக்கும் கோப்பி கொண்டா," என்றார்.

கலியாணத்தில் என் அப்பா உட்கார வேண்டிய இடத்தில் சுபேதார் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தாலியைக் கையில் வாங்கிக் கட்டப் போனேன். முடிச்சு விழவில்லை. இதற்கும் திட்டப் போகிறார் என்று பயந்தேன். அவர் என் காதருகில் குனிந்தார்.

"அவசரமில்லடா. மெதுவாக் கட்டு."

அவர் வாயிலிருந்து 'மெதுவா' என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.