திருவேங்கடம் மாமாவின் கள்ளிக்கு நடந்த ஆபரேஷன்

ஆவடி,
18.3.1993

எங்கள் குடும்பத்தின் மூத்த மாப்பிள்ளையும் என் மரியாதைக்கு உரியவருமான திருவேங்கடம் மாமா அவர்களின் சமூகத்துக்கு, உலகநாதன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜெகதாம்பாளும் கொசுவைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் நாகம்மா அக்காவும் ஜபல்பூர் குளிருக்கும் சப்பாத்திக்கும் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன ஜூன் மாதம் மாற்றலாகிப் போகும்போது நீங்கள் என் கையில் ஒப்படைத்த தூண் கள்ளி உயிரோடு இருக்கிறது. சும்மா இல்லை, ஜோராக இருக்கிறது. இதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், உங்களுக்கு ரத்த அழுத்தம் உண்டு என்று ஜெகதாம்பாள் நினைவுபடுத்தினாள். உங்கள் டிரான்சிஸ்டரை இரவல் வாங்கி அதில் சாம்பார் கொட்டியவன், உங்கள் சைக்கிளை நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் பூட்டாமல் வைத்துவிட்டு ரயிலேறிப் போனவன் என்று நம் சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னைப் பற்றி நீங்கள் சொல்லிவருவது எனக்குத் தெரியும். நடந்ததுதானே, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அதே கல்யாணங்களில் இதையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தவறு பாசத்தில் ஆரம்பித்தது. நீங்கள் கொடுத்த மண்தொட்டி விரிசல் விட்டிருந்ததால், உங்கள் செடிக்கு ஒரு கௌரவம் வேண்டுமே என்று பூப்போட்ட பீங்கான் தொட்டி ஒன்று வாங்கி அதில் மாற்றி நட்டேன். ஜெகதாம்பாளும் தினம் காலையில் அரிசி கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றிவந்தாள். வெயில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் விடாமல் பெய்ததில் கள்ளியின் அடிப்பக்கம் பழுப்பு நிறமாக மாறியது. முதிர்ச்சி என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன். பத்தாம் நாள் தொட்டுப் பார்த்தால் முள்ளும் தோலும் சேர்ந்து என் கையோடு வந்துவிட்டன. உள்ளே வேகவைத்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. வாசனையைப் பற்றி எழுதமாட்டேன், நீங்கள் சாப்பிடும் நேரமாக இருக்கலாம்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பால்ராஜ் நாசரேத்துக்காரர், தோட்டத்தில் பழக்கமுள்ளவர் என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எட்ட நின்று பார்த்துவிட்டு, “சத்துக் குறைச்சல்தான் அண்ணாச்சி. புண்ணாக்கைக் கரைச்சு ரெண்டு சொம்பு ஊத்துங்க, நிமிந்துரும்” என்றார். ஊற்றினேன். மறுநாள் காலையில் மூன்றடிக் கள்ளி சுவரில் சாய்ந்துகொண்டு நின்றது. ஜெகதாம்பாள் சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். “போச்சு. உங்க மாமா வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கங்க, நான் திருவொற்றியூருக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிக்கிறேன்” என்றாள். மாமா, உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொழிற்சாலையில் என்னோடு டிரில்லிங் மிஷினில் நிற்கும் அன்வர் பாஷா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். “இன்னா மாமே, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறே? பூந்தமல்லில எங்க சாச்சி கீறாங்க. மொட்டமாடி பூரா முள்ளுதான். உடனே தூக்கினு போ. அழுகல் தலைக்கு ஏறிச்சின்னா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். அரை நாள் லீவு போட்டு வந்து, கள்ளியை என் பழைய போர்வையில் சுற்றி, தொட்டியோடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போர்வை ஒரு பேச்சுக்குத்தான், முள் எல்லாம் வெளியேதான் இருந்தது. பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் என்னைச் சுற்றி ஒரு ஆள் அகலத்துக்கு இடம் காலியாகிவிட்டது. நிற்க இடமில்லாத பஸ்ஸில் இப்படி ஒரு மரியாதை எனக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை. கண்டக்டர் மட்டும் கிட்ட வந்து, “இன்னா சார் இது, ஆளா லக்கேஜா?” என்று கேட்டார். “சீரியஸ் கேஸ்ப்பா” என்றேன். அவர் எட்ட நின்றே டிக்கெட்டை நீட்டிவிட்டு முன்னால் போய்விட்டார்.

அன்வர் பாஷாவின் சித்தியான அந்த அம்மாளின் பெயர் ஃபக்ருன்னிசா. ஐம்பது வயதிருக்கும். மாடியில் தகரக் கூரை போட்டு, நூற்றுக்கணக்கில் கள்ளி வைத்திருக்கிறார். அவர் செடியைப் பார்க்கவில்லை, முதலில் தொட்டியைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். “தம்பி, இதுல ஓட்டை எங்க?” என்றார். “ஓட்டையெல்லாம் இல்லைங்க, புதுசா வாங்கினது” என்றேன். “அப்ப செடியை நட்டீங்களா, ஊறப்போட்டீங்களா?” என்று கேட்டார். மாமா, எனக்கு இருபது வருஷ சர்வீஸ், பகல் முழுக்க இரும்பில் ஓட்டை போடுவதுதான் என் வேலை.

பிறகு கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, கள்ளியைப் பலகையில் படுக்கவைத்து அடியிலிருந்து வெட்டினார். வெட்டின துண்டின் நடுவில் பழுப்பு வட்டம் இருந்தது. மறுபடி கத்தியைத் துடைத்து ஒரு துண்டு. அதிலும் பழுப்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்காவிட்டால் கத்தியே நோயை மேலே கொண்டுபோய்விடும் என்றார். நான்காவது துண்டில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். “பாதியில நிறுத்திடலாமா?” என்று கேட்டேன். “ஒரு பொட்டு பழுப்பு உள்ள இருந்தாலும் மொத்தமும் போயிரும். உங்களால பாக்க முடியலேன்னா கீழ போயி டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். நான் போகவில்லை. ஏழாவது துண்டு வெள்ளரிக்காய் மாதிரி பச்சையும் வெள்ளையுமாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் வந்தது. “அல்ஹம்துலில்லாஹ், தப்பிச்சுது” என்று சொல்லி, வெட்டின இடத்தில் கந்தகத் தூளைத் தடவி என் கையில் கொடுத்தார். ஆக, மூன்றடியாக இருந்த உங்கள் கள்ளி இப்போது ஒன்றே முக்கால் அடி. இந்த ஒரு விவரத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இரண்டு வாரம் நிழலில் காயவேண்டும், படுக்கவைத்தால் வளைந்துவிடும், வெட்டின இடத்தில் காற்றுப் படவேண்டும் என்பது அந்த அம்மாளின் உத்தரவு. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே பிரம்பு நாற்காலியில் நடுவில் ஒரு கிழிசல் உண்டு. கள்ளியை அதில் சொருகி நிறுத்தினேன், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு வாரமும் வீட்டுக்கு வந்தவர்கள் நின்றுகொண்டே நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியதும், மூன்று ஓட்டை உள்ள புது மண்தொட்டியில், ஆற்று மணலும் உடைத்த செங்கல் ஜல்லியும் நிரப்பி நட்டேன். வேர்விடும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. இதுதான் மாமா, எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை. “வாயில்லா ஜீவன், காஞ்சிகினு கெடக்குது. ஒரு டம்ளர் ஊத்துனா கொறைஞ்சா பூடுவீங்க?” என்று ஜெகதாம்பாள் தினம் கேட்டாள். சொந்த மனைவியிடமிருந்து ஒரு செடியைக் காப்பாற்றுவதற்காக ஐந்து வாரம் நான் டம்ளரும் கண்ணுமாக இருந்தேன். பொங்கலுக்கு அடுத்த வாரம் மெதுவாகப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். விடவில்லை. நான் போட்ட சத்தத்தில் பால்ராஜ் குடும்பத்தோடு ஓடிவந்தார். முதல் டம்ளர் தண்ணீரை ஜெகதாம்பாளையே ஊற்றச்சொன்னேன். அவள் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

இப்போது உச்சியில் இளம்பச்சையாக விரற்கடை அளவு புதுத் தளிர் வந்திருக்கிறது. போன மாதம் எங்கள் குவார்ட்டர்ஸ் மலர்க் கண்காட்சியில் முள்செடிப் பிரிவில் இதற்கு முதல் பரிசு கிடைத்தது. மொத்தமே மூன்று தொட்டிதான் வந்திருந்தது என்று ஜெகதாம்பாள் அக்காவுக்கு எழுதினால் அது அவள் குணம் என்று விட்டுவிடுங்கள். அதற்குப்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பிட நேரமில்லை. அண்ணனூரிலிருந்தெல்லாம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்து, “ஓட்டை எங்க?” என்று கேட்கிறேன். பிறகு என் கை டிரில்லை எடுத்து, பீங்கான், பிளாஸ்டிக், பிஸ்கட் டின் எதுவானாலும் போட்டுக்கொடுக்கிறேன். முதல் வாரம் முதல் ஆளாகத் தன் தொட்டியோடு வந்து நின்றவர் பால்ராஜ். புண்ணாக்கைப் பற்றி இருவருமே பேசவில்லை.

நீங்கள் திரும்பி வரும் நாளில் இதே தொட்டியோடு சென்ட்ரல் ஸ்டேஷனுக்கே வந்து ஒப்படைக்கிறேன். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் இந்தி பேசும் அழகைக் கேட்க ஆசையாக இருக்கிறது. உங்கள் இருவருடைய ஆசியையும் கேட்டு, தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தாலும் வணங்கும்,

உலகநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டியபிறகு நாகம்மா அக்காவின் கடிதம் வந்தது, ஆகவே இதை உறையின் முதுகிலேயே எழுதுகிறேன், தபால்காரர் படித்தாலும் பாதகமில்லை. அந்தக் கள்ளி உங்கள் மேலதிகாரி கொடுத்தது, வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிக்கொண்டது, உங்களுக்கு முள்செடி என்றாலே ஆகாது, “தம்பி அதை எப்பவோ குப்பையில போட்டிருப்பான், கேட்டு எழுது” என்று நீங்கள் சொன்னதாக அக்கா எழுதியிருக்கிறாள். இரண்டு முறை படித்தேன். ஜெகதாம்பாளுக்கு வாய்விட்டும் படித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய்க் கள்ளியை வெயில் படும் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். ஆகையால் மாமா, சென்ட்ரலுக்கு நான் வரமாட்டேன். அது எங்கள் செடி. நீங்கள் ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து பார்க்கலாம், கை வைக்கக்கூடாது.