ரெண்டு மணிச் சிறுத்தை

எழுதத் தொடங்கிய நேரம்: பிற்பகல் 3.10

அன்பு மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொண்டது. நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமா என்று விசாரிக்க வேண்டியது கடிதம் எழுதுகிறவனின் கடமை. விசாரித்துவிட்டேன். எங்கள் சௌக்கியத்தை நீ விசாரிப்பதாக இருந்தால், உன் அக்கா மிகவும் சௌக்கியமாக இருக்கிறாள். அதுதான் இப்போது பிரச்சினை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ ஏற்பாடு செய்து எங்களை அனுப்பிவைத்த அந்தக் காட்டுச் சுற்றுலாவிலிருந்து திரும்பி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. வந்த மறுநாளே உன் அக்கா அதே நிறுவனத்தின் அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். தன் பெயரை மட்டும். மொத்தம் எட்டு நாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை முடித்துவிடுவார்களாம். நான் சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ தம்பி, நீ சொன்னால் கேட்பாள். அதற்குள் போன் செய்து அவளைத் தடுத்து நிறுத்துவது உன் பொறுப்பு, ஏனென்றால் இதையெல்லாம் ஆரம்பித்து வைத்த புண்ணியவான் நீதான். ஏன் தடுக்க வேண்டும் என்பது உனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு குறித்து எழுதுகிறேன்.

நீ கொடுத்த நோட்டீசில் "ஆறே பேர் கொண்ட சிறு குழு, பெரும்பூனைகளும் பறவைகளும்" என்று போட்டிருந்தது. பெரும்பூனையாம். மேல்மாடி வக்கீல் வளர்க்கிறாரே, மூன்று வேளையும் பால் குடித்துவிட்டு நம் வீட்டு மிதியடியில் வந்து படுத்துக்கொள்கிறதே, அதைவிடப் பெரிதாக எதைக் காட்டிவிடப் போகிறார்கள் என்று அப்போதே கேட்டேன். சிறுத்தை அத்தான், சிறுத்தை என்றாய். சரி, முப்பத்தாறு வருஷம் ஆலையில் டைம் கீப்பராக உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு பேர் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்தவன் நான், ஒரு சிறுத்தை வருவதையும் போவதையும் பார்க்க மாட்டேனா என்று நம்பிக் கிளம்பினேன்.

அந்த ஆறு பேரைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டும். நானும் உன் அக்காவும் ரெண்டு பேர். மூணாவது ஒரு பல் டாக்டர், கைக்குழந்தை நீளத்துக்கு ஒரு கேமராவை மடியில போட்டுத் தட்டிக்கொடுத்துக்கிட்டே வந்தார். நாலாவது ஒரு ரிட்டையர்டு டீச்சர், கையில பறவைப் பட்டியல், பார்த்ததுக்கு டிக் போடுறதுதான் வேலை. அந்தம்மா பறவையை மூணு விநாடி பார்த்தா பட்டியலை மூணு நிமிஷம் பார்க்கும். மிச்ச ரெண்டு பேர் புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. அதுங்க அஞ்சு நாளும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டதே தவிர வேற எந்தப் பிராணியையும் பார்க்கலை. இவங்களுக்கு மேலே ஒரு வழிகாட்டி. அவன் பேரே எனக்குத் தெரியாது, ஏன்னா அவன் பேசினது எதுவுமே காதுல விழலை. எல்லாம் கிசுகிசுதான். சாப்பாட்டுக் கூடத்துல "டீ வேணுமா சார்"னு கேக்குறதைக்கூட ரகசியம் சொல்ற மாதிரி கேப்பான். கிசுகிசுன்னே வச்சுக்கிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்துல எல்லாரையும் உட்கார வச்சு கிசுகிசு ஏதோ விதிமுறை எல்லாம் விளக்கினான். நான் கவனிக்கலை. கவனிக்க முடியலை. ஏன்னா எதிர்ச் சுவத்துல மாட்டியிருந்த கடிகாரம் ஏழு நிமிஷம் முன்னால ஓடுது. மனுஷனா பொறந்தவன் அதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா உட்கார முடியுமா? நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலே ஏறி, கடிகாரத்தைக் கழட்டி, முள்ளைத் திருப்பிச் சரி பண்ணி மாட்டிட்டு இறங்கினேன். விளக்கம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒருத்தராவது ரொம்ப நன்றின்னு சொல்லணுமே. பட்டியல் டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுப் போச்சு. இந்த ஏழு நிமிஷத்தை ஞாபகம் வச்சுக்கோ, பின்னாடி வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை அஞ்சரைக்கு ஜீப்புன்னு சொல்லியிருந்தான். நான் அஞ்சு இருபத்திரண்டுக்கு வாசல்ல நிக்கிறேன். கிசுகிசு வந்தது அஞ்சு நாப்பத்தொண்ணு. பதினோரு நிமிஷம் தாமதம். எங்க ஆலையா இருந்தா கேட்டைச் சாத்தியிருப்பேன். வந்தவன் மன்னிப்புக் கேட்டானான்னா, இல்லை, என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து முகம் சுளிச்சு, "சார், மங்கலான கலர்ல போடச் சொல்லியிருந்தோமே"ன்னு கிசுகிசுத்து, ஜீப்புல கிடந்த ஒரு பழைய சாக்கை எடுத்து என் தோள்ல போர்த்திட்டான். முப்பத்தாறு வருஷம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோட கேட்டுல உட்கார்ந்தவனை மூட்டையாக் கட்டி உட்கார வச்சான்யா. உன் அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. மங்கின பச்சையில அவ முந்தின வாரமே ஒரு புடவை வாங்கி வச்சிருந்தாங்குறது அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது.

அப்புறம் ஒரு புதர். நாப்பது நிமிஷம் அந்த ஒரே புதர். உள்ளே கட்டைவிரல் சைஸுக்கு மண் நிறத்துல ஒரு குருவி இருக்காம். இருக்கட்டுமே, நான் வேணாம்னேனா? அதுக்கு ஆறு பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காரணுமா? டீச்சர் டிக் போட்டுச்சு. உன் அக்காவும் ஒரு நோட்டுல டிக் போட்டா. நோட்டு எப்போ வாங்கினேன்னு கேட்டேன், "உஷ்"ங்கிறா. முப்பத்தாறு வருஷத்துல என்னைப் பார்த்து அவ சொன்ன முதல் உஷ் அதுதான், நேரம் ஆறு முப்பத்தஞ்சு. அதுக்கப்புறம் ஏழு மணிக்கு ஒரு பெரிய ஆந்தை. பதினோரு வருஷமா அதைத் தேடிக்கிட்டிருக்கேன்னு டீச்சர் கண்ணாடியை மூக்குல சரி பண்ணுது, அந்த நேரம் பார்த்து என் கைக்கடிகாரம் "பீப் பீப்"னுச்சு. ஆலையில எனக்குப் பிரிவு உபசாரத்துல கொடுத்த கடிகாரம், மணிக்கொரு தரம் அடிக்கும், அதான் அதோட தர்மம். ஆந்தை பறந்துடுச்சு. டீச்சர் அன்னைக்கு முழுக்க என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. நானும் பேசறதுக்குத் தவமிருக்கலை.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். இந்தக் கிசுகிசுவுக்கு மணியே தெரியலைப்பா. காலை ஆறே காலுக்கு மெதுவா, "பதினோரு மணி, உச்சிக் கிளை"ங்கிறான். "இல்லை தம்பி, ஆறே கால்"ன்னு திருத்தினேன். பத்து நிமிஷம் கழிச்சு, "மூணு மணி, தண்ணி ஓரம்". அதுக்குள்ள எப்படி மூணாகும்? கொஞ்ச நேரத்துல "ஒன்பது மணி". முன்னாலயும் போறான், பின்னாலயும் போறான். ரெண்டு நாள் இதே கூத்து, ஒவ்வொரு தடவையும் நான் சரியான மணியைச் சொல்றேன், அவனும் "சரிங்க சார்"னு தலையாட்டுறான். "வழிகாட்டியின் கடிகாரம் பழுது, பேட்டரி மாற்ற வேண்டும்" என்று என் பாக்கெட் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். அவன் கிட்டயும் தனியாக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால சொன்னா சங்கடப்படுவானேன்னு, நல்ல கடையாப் பார்த்து மாத்துப்பான்னு சொன்னேன். அதுக்கும் சரிங்க சார்தான்.

நாலாம் நாள் காலை. வண்டி நின்னுது. கிசுகிசு திடீர்னு கையை உயர்த்தி, "ரெண்டு மணி. ரெண்டு மணி. யாரும் அசையாதீங்க"ன்னான். எனக்குப் பொறுமை போயிடுச்சு. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் தப்பு மணியைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்? எந்திரிச்சேன். சாக்கை உதறினேன். சட்டைக் கையை மேலே ஏத்தி, எல்லாருக்கும் தெரியற மாதிரி கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி, "இப்போ மணி ஆறு ஐம்பத்திரண்டு. சந்தேகம் இருக்கிறவங்க வந்து பார்த்துக்கலாம்"னு சத்தமாச் சொன்னேன். வலது பக்கம் சரசரன்னு ஒரு சத்தம். திரும்பினேன். புல்லு ஆடிக்கிட்டிருந்துது. புல்லு மட்டும்தான்.

மத்த அஞ்சு பேரும் பார்த்துட்டாங்க. அந்த ஜோடிகூடப் பார்த்துடுச்சு, அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. ஜீப்போட மூக்கு பன்னிரண்டு மணியாம், வலது பக்கம் மூணாம், பின்னாடி ஆறாம், எந்தப் பக்கம் பார்க்கணும்னு சொல்றதுக்கு அவங்க வச்சிருக்கிற வழக்கமாம். அதைத்தான் முதல் நாள் சாயங்காலம் விளக்கியிருக்கான், நான் நாற்காலி மேல ஏறி அந்த ஏழு நிமிஷத்தைத் திருத்திக்கிட்டிருந்தப்போ. திசைக்குத் தமிழ்ல நாலு நல்ல வார்த்தை இருக்கறப்போ கடிகாரத்தை எதுக்கு இழுக்கணும்? எங்க ஆலையில எவனாவது கேட்டுக்கு வந்து "கிழக்கே முப்பது நிமிஷம்"னு கையெழுத்துப் போட்டா விட்டிருப்பேனா? இதுல பல் டாக்டர் எடுத்த படத்தை எல்லாருக்கும் அனுப்பி வச்சிருக்கார். படம் முழுக்க என் கை, என் கடிகாரம், அதுக்குப் பின்னால ஒரு வாலு. சிறுத்தையோட மூஞ்சியை என் மணிக்கட்டு மறைச்சிருக்கு. ஆனா மணி தெளிவா விழுந்திருக்கு, ஆறு ஐம்பத்திரண்டு. நான் சொன்னது சரிதானே?

அன்னைக்கு உன் அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே, முன்சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய வழிய. கடைசியா எப்போ அப்படிச் சிரிச்சான்னு யோசிச்சுப் பார்த்தேன், தேதியும் ஞாபகம் வரலை, நேரமும் ஞாபகம் வரலை. மத்தியானம் ரொட்டியும் முட்டையும் வச்சப்போ கேட்டேன், "உனக்குத்தான் அந்த மணி விஷயம் தெரியுமே, ரெண்டு நாளா ஏன் சொல்லலை?" முட்டையை உரிச்சுக்கிட்டே நிதானமாச் சொன்னா: "முப்பத்தாறு வருஷமா நீங்க மணி சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டேன். ஒரு ரெண்டு நாள் வேற யாராவது சொல்லட்டும்னு இருந்தேன்." உப்பை எடுத்துப் போட்டுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் ஓயலை. நான் நாள்காட்டி மாட்டுற ஆணியில இப்போ தொலைநோக்கி தொங்குது. பன்னிரண்டரைச் சாப்பாடு ஒரு நாள் ஒண்ணே கால், ஒரு நாள் பன்னிரண்டு பத்து, கேட்டா ஜன்னல்ல ஏதோ வந்துதாம். நேத்து சாப்பிடறப்போ உப்பு எங்கேன்னேன். "உங்க மூணு மணியில"ங்கிறா. நான் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். மறுபடியும் சிரிச்சா.

இந்த லட்சணத்துல இவ இன்னும் எட்டு நாள் காட்டுக்குப் போகணுமாம். "நீங்க வீட்ல கடிகாரத்தைப் பார்த்துக்குங்க, நான் போயிட்டு வரேன்"னு, ஏதோ கடைக்குப் போற மாதிரி சொல்றா. ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷமா நான் இந்த வீட்ல பண்றது ஒண்ணுதான், பால் வந்த நேரம், குக்கர் விசில் அடிச்ச நேரம், அவ தூங்கி எந்திரிச்ச நேரம், எல்லாத்தையும் சொல்லிக்கிட்டிருக்கேன், அவ "ம்"னு கேட்டுக்கிட்டிருக்கா. உன்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. எட்டு நாள் நான் யாருக்குப்பா மணி சொல்றது? எனக்குப் பயமா இருக்கு. இதை அவகிட்ட சொல்லிடாதே. போன் பண்ணி, முட்டிவலி, மழைக்காலம், ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி நிறுத்து. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி, மறந்துடாதே.

உன் இல்லாளுக்கு என் விசாரிப்பும், உன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் நல்ல கல்வியும் உரிய நேரத்தில் எழும் பழக்கமும் வாய்க்க என் ஆசிகளும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
முடித்த நேரம்: 4.28

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போனேன். மேஜை ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது, உனக்குத் தெரியும். உன் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்னு, கிசுகிசு மாதிரியே, "ஏங்க, பதினோரு மணி"ன்னா. எதிர்ச் சுவத்துல கடிகாரம் நாலரை காட்டுது. வாய் வரைக்கும் வந்துடுச்சு, முழுங்கிட்டேன். ஜன்னலுக்கு வெளியே, கொஞ்சம் இடது பக்கம், கரண்டுக் கம்பியில ஒரு பஞ்சுருட்டான். பச்சை உடம்பு, வால்ல ஊசி மாதிரி ஒரு நீட்டம். பறந்து போய் எதையோ பிடிச்சுது, திரும்பி அதே இடத்துக்கு வந்து கம்பியில அடிச்சு அடிச்சுத் தின்னுது. தொலைநோக்கியை என் கழுத்துல மாட்டி விட்டா. நான் அசையலை. அவ கை என் தோள்லயே இருந்துது.

ஆகையால் நீ அக்காவுக்குப் போன் செய்ய வேண்டாம். அந்தச் சுற்றுலாக்காரங்களுக்குச் செய். ஆறுல ஒரு இடம் இன்னும் காலியா இருக்குன்னு சொன்னாங்களாம், அதுல என் பேரை எழுதச் சொல்லு, மங்கலான கலர்ல எனக்கு ஒரு சட்டையும் பார்த்து வை. மேலே எழுதினதைக் கிழிச்சுப் போட்டுடு. அந்தப் பறவை எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்துதுன்னு மட்டும் கேக்காதே. நான் மணி பார்க்கலை.