குவார்ட்டர் பாட்டிலும் கூறைப் புடவையும்

நான் ஒரே ஒருமுறை சரக்கு கடத்தியதாகப் போலீசில் பிடிபட்டிருக்கிறேன். அதுவும் கல்யாணம் நிச்சயமாகி இருபதே நாளில், வருங்கால மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இதைச் சொன்னால் காரைக்கால்காரர்கள் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. "எந்தச் செக்போஸ்ட்ல?" என்றுதான் கேட்கிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது. மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். எங்கள் பக்கம் பாட்டில் மலிவு என்பதால் எல்லையைத் தாண்டும் எல்லா வண்டியையும் போலீஸ் குனிந்து பார்க்கும். பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தரும் இன்னொரு பொருள், மெடிக்கல் ஷாப்பில் விற்கும் நாப்கின். இத்தனை வருஷமாக இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ளாமல் இருந்ததே பெரிய விஷயம். அந்தப் பெருமையைக் கெடுக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மற்ற பெண்களுக்கு மாதவிடாய் வாய்க்கால் தண்ணீர் மாதிரி வந்து போகும். எனக்கு மேட்டூர் திறந்த மாதிரி. முதல் மூன்று நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பயத்தில் இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பேன். அந்தப் பிளாஸ்டிக் ஓரம் புழுக்கத்தில் உரசி உரசித் தொடையிடுக்கெல்லாம் சிவந்து, தோல் உரிந்துவிடும். நடந்தால் எரியும், உட்கார்ந்தால் அரிக்கும். ஒருமுறை குளிர்ச்சி தரும் பவுடரைக் கொட்டிப் பார்த்தேன். (அதை எழுத எனக்குத் தைரியம் உண்டு. படிக்க உங்களுக்கு இருக்காது.)

கடைசியில் அம்மா ஒரு மருந்து செய்தாள். தேங்காய் எண்ணெயில் வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் போட்டுக் காய்ச்சி வடிகட்டுவாள். தடவினால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். அதை ஒரு குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். எங்கள் பக்கம் நல்லெண்ணெய், பினாயில் எல்லாமே குவார்ட்டர் பாட்டிலில்தான் குடியிருக்கும். (அப்பா குடிக்க மாட்டார். பாட்டில் எங்கள் வயல் வரப்பில் தானாக விளைந்தது.)

ஆவணிக் கடைசியில் மாயவரம் போய்க் கூறைப் புடவை எடுக்க நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் விழிதியூரிலிருந்து வேனில் வந்து, நெடுங்காட்டில் என்னை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. வயலில் நடவு நடந்ததால் அம்மா வரவில்லை. அன்று காலை, ஐந்து நாள் முன்னதாகவே, மேட்டூர் திறந்துகொண்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி," என்றாள் அம்மா. "தூரமான பொண்ணு கூறைப் புடவையத் தொட்டான்னா நாளைத் தள்ளி வச்சிடுவாங்க. இவ்வளவு போவுதுன்னு தெரிஞ்சா, பொண்ணுக்கு உடம்புல ஏதோ கோளாறுன்னு கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க."

எனக்கும் அந்தப் பயம்தான். மாப்பிள்ளை குமரனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் இரண்டு பாக்கெட் நாப்கின், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள், எண்ணெய் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு கறுப்புக் கவரில் போட்டு, வேனில் ஏறியதும் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். இதைவிடப் பத்திரமான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

முன்னால் டிரைவரும் குமரனும். நடுவில் நானும் குமரனின் அம்மாவான அத்தையும். பின் சீட்டில் அத்தையின் தம்பி செல்வராஜ் மாமா. மாமாவின் கீர்த்தி நாலு ஊருக்குப் பரவியிருந்தது. கல்யாணம் முடிகிற வரை தொடமாட்டேன் என்று முந்தின வாரம்தான் அக்காவுக்குச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்.

எல்லையில் கை காட்டி நிறுத்தினார்கள். போலீஸ்காரர் கதவைத் திறந்து குனிந்தார்.

"கீழ என்ன கவரு?"

அவர் கவருக்குள் கையை விட்டு இழுத்தார். நாப்கின் அடியில் தங்கிவிட, பாட்டில் மட்டும் அவர் கையோடு வந்தது. காலை வெயிலில் மஞ்சள் எண்ணெய் உயர்ந்த ரக பிராந்தியாகவே மின்னியது. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் பின் சீட்டுக்குத் திரும்பியது.

"சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியேடா!" அத்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. "புள்ள கல்யாணக் காரியத்துக்குப் போறப்பவுமாடா?"

"அக்கா, சாமி சத்தியமா என்னுது இல்லக்கா!"

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க," என்றார் போலீஸ்காரர். "எறங்குய்யா. வண்டிய ஓரம் கட்டு. ஸ்டேஷனுக்குப் போவணும்."

புடவை எடுக்கிற நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக உண்மை பேசிய மாமா, நம்ப ஆள் இல்லாமல் கைகூப்பிக்கொண்டு தார் ரோட்டில் நின்றார். நான் ஒரு நிமிஷம் முழுதாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அதற்கு மேல் முடியவில்லை.

"சார், அது என்னுது."

குமரனின் கழுத்து சுளுக்கிக்கொள்ளாதது ஆச்சரியம். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் கல்யாண மண்டபத்தின் அட்வான்ஸ் திரும்பிப் போவது தெரிந்தது.

"ஏம்மா, நீ குடிப்பியா?"

"குடிக்க மாட்டேன் சார். தடவுவேன்." ஆரம்பித்தாயிற்று, இனி எங்கே நிறுத்துவது? "எனக்குத் தூரம் சார். ரொம்பப் போவும். நாப்கின் ஒரசி ஒரசி புண்ணாயிருக்கு. அதுக்குத்தான் எண்ணெய். வேணும்னா மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்க்கவில்லை. பாட்டிலைக் கூட நின்ற பெண் காவலரிடம் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த புளியமரத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய ஆரம்பித்தார். அந்தப் பெண் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"எண்ணெய்தான் சார்." பிறகு ஜன்னல் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "இதுல என்னக்கா போட்டுருக்கு? டூட்டியில நாள் முச்சூடும் நிக்கிறோம். எனக்கும் இதே பாடுதான்."

நான் செய்முறையைச் சொன்னேன். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். வெற்றிக் களிப்பில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா சார்! யாராச்சும் நம்புனீங்களா? என்னுது ஸ்டெப்னிக்குக் கீழதான சார் இருக்கு!"

போலீஸ்காரர் புளியமரத்திலிருந்து திரும்பினார்.

மாமாவின் பாட்டிலைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, எச்சரிக்கையோடு எங்களை விட்டார்கள். வேன் கிளம்பியது. எல்லாம் முடிந்தது என்று நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளு போவும்?" என்றார் அத்தை திடீரென்று.

"ஏழு நாள் அத்தை."

"கட்டி கட்டியாவா?"

"ஆமாங்க."

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ரத்தமெல்லாம் போயி, மயங்கி விழுந்து, கர்ப்பப்பைய எடுக்கிற அன்னிக்குத்தான் குமரன் அப்பாவுக்கே தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பி அதட்டினார். "டாக்டர பாக்காம எண்ணெயத் தடவிக்கிட்டு ஒக்காந்திருக்கியே, படிச்ச பொண்ணுதான நீ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப புடவை அத்தை?"

"நீதான கட்டப்போற? நீயே தொட்டுப் பாத்து எடு. ஆனா எனக்குத் தெரியும்னு மட்டும் ஒங்கம்மாகிட்ட சொல்லிடாத. தப்பா நெனச்சுக்குவாங்க."

அரக்குக் கலரில் எடுத்தேன். மறுவாரம் அத்தையே என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, உடம்பில் ரத்தம் குறைவு. மாத்திரை கொடுத்து, இரட்டை நாப்கினுக்குத் தடை போட்டு, பருத்தித் துணியிலானதை வைக்கச் சொன்னார் டாக்டர். மூன்று மாதத்தில் மேட்டூர் ஓரளவு கட்டுக்குள் வந்தது. தொடைப் புண் இருந்த சுவடே தெரியவில்லை.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. குமரன் இப்போதும் மெடிக்கல் ஷாப்பில் சத்தமாகவே சொல்வார்: "கவர் வேணாங்க, அப்படியே குடுங்க. கறுப்புக் கவர்ல போட்டா எங்க வீட்டம்மாவப் போலீசு புடிக்கும்." நான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் செல்வராஜ் மாமா வாசலில் நின்று, "வனிதா, சரக்கு எடுத்துக்கிட்டியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார்.

எடுத்துக்கொண்டுதான் போகிறேன். எங்கேயாவது வேர்க்குரு, சிராய்ப்பு என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த எண்ணெய்தான். இன்றைக்கும் அதைக் குவார்ட்டர் பாட்டிலில்தான் ஊற்றி வைக்கிறேன். பாட்டிலுக்குக் குறைவில்லை. மாமா காலி செய்து கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்.