தட்டிக்கு அந்தாண்ட

பக்கிரிசாமி சபதம் போட்டப்ப வாயில சோறு இருந்துது. அதனால சபதத்தோட முன்பாதி யாருக்கும் புரியல. முழுங்கிட்டு மறுபடியும் சொன்னாரு.

"இனிமே நீயா வந்து பேசுற வரைக்கும் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனா நான் பக்கிரிசாமி இல்ல!"

"ரசம் ஊத்தட்டுமா வேணாமா, இப்பவே சொல்லிடுங்க," ன்னா அவரு பொண்டாட்டி கோகிலாம்பாள். "அப்புறம் பேச முடியாது."

"ஊத்து."

அதான் கடைசி வார்த்தை.

பக்கிரிசாமிக்கு தவளக்குப்பம் முக்குல மாட்டுத்தீவனக் கடை. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மாடு தின்னுற அத்தனையும் கிடைக்கும். மாடுகூட தின்னாத ஒண்ணு இலவசமாவே கிடைக்கும். அது அவரோட சினிமா அபிப்பிராயம்.

ஊருக்குக் கிழக்கால, வாய்க்காலுக்கு அந்தாண்ட சினிமா கொட்டாய். புதுப்படம் மாத்துனா முதல் நாள் முதல் ஆட்டத்துல பக்கிரிசாமி பெஞ்சில இருப்பாரு. மறுநாள் கடையில ரெண்டாவது ரிலீஸ்.

"அண்ணே, தவிடு ஒரு மரக்கா."

"'கண்ணீரில் ஒரு கட்டுமரம்' பாத்தியா?"

"இல்லண்ணே. மாடு கத்துது, சீக்கிரம்."

"கத்தட்டும். அந்தப் படத்துல கடல் ஒண்ணுதாண்டா நடிச்சிருக்குது. கதாநாயகன் அதைப் பாத்தாவது கத்துக்கக் கூடாது? புயல் அடிக்குது, பொண்டாட்டி முழுவுறா, இவன் தலைமயிரைச் சரி பண்ணிகினு பாடுறான்! 'எஜமான் வீட்டு ஏணி' பாத்தியா?"

"தவிடு, அண்ணே..."

"கலர் படம்னு நோட்டீஸ் போட்டான். போய்ப் பாத்தா ஒரே ஒரு பாட்டுதான் கலரு. அதுலயும் கதாநாயகி கன்னம் பச்சை. மூணு நாளு பேதி கண்டவ மாதிரி ஆடுறா."

ஜனங்க எவ்வளவுதான் தாங்கும்? நாளாவட்டத்துல, சைக்கிளை விட்டு எறங்காமலே காசை வீசிட்டு மூட்டையைத் தூக்கிகினு பறக்க ஆரம்பிச்சாங்க. கடலூர் பஸ்ஸுலேருந்து எறங்குறவன் இவரு வாயைத் திறக்கறதைப் பாத்தா மறுபடியும் பஸ்ஸுல ஏறிடுவான். ஒரே பொண்ணு, பாகூருக்குக் கட்டிக் குடுத்தாச்சு. மிச்சம் இருந்தது கோகிலாம்பாளோட ரெண்டு காது.

அந்தக் காதும் சும்மா இல்ல. "தெரியும்," "தெரியும்"னு ஒரு வார்த்தையை வெச்சிகினு இருந்துது.

சபதம் போட்ட அன்னிக்கு 'தங்கைக்கு வந்த தந்தி' கதையைச் சொல்லிகினு இருந்தாரு. "தங்கச்சி அழுவுறா, அத்தைக்காரி அழுவுறா, தந்தி கொண்டாந்தவன் சைக்கிளைப் போட்டுட்டு அழுவுறான். அழுவாத ஒரே ஆளு டைரக்டரு. நியாயமா அவந்தான் அழுதிருக்கணும்! கடைசில அண்ணன்காரன்..."

"செத்துப்பூட்டான். தெரியும்."

"இன்னாடி தெரியும்? நீ பாத்தியா?"

"என்னைக்கு நீங்க கூட்டிகினு போனீங்க, நான் பாக்கறதுக்கு?"

"பொம்பளைக்குப் படம் புரியாதுடி. அழுவத்தான் தெரியும்."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்றீங்க? செவலைப் பசுகிட்ட சொல்லுங்க. அதுவும் பொம்பளைதான், ஆனா அழுவாது."

அங்க பத்திகிச்சு. மொதல்ல பேசுறவங்க தோத்தவங்க. அவ தோத்தா, அவரு சொல்ற எல்லாக் கதையையும் கொட்டாவி விடாம கேக்கணும். அவரு தோத்தா, இனிமே எந்தப் படத்துக்கும் அவளையும் கூட்டிகினு போவணும்.

"பொம்பளையாவது, பேசாம இருக்கறதாவது! பொழுது விடிஞ்சா வந்து கெஞ்சுவா"ன்னு நெனச்சிகினு படுத்தாரு.

விடிஞ்சிது. கோகிலாம்பாள் வேலி ஓரமா போயி பக்கத்து வூட்டு அம்சவள்ளியைக் கூப்புட்டா.

"அம்சு, வெந்நி காஞ்சிருக்குன்னு உங்க அண்ணங்கிட்ட சொல்லு."

அம்சவள்ளி அங்கேருந்தே கத்துனா. "அண்ணே! வெந்நி காஞ்சிருக்குதாம்!"

"எனக்குக் காது கேக்குதுன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லு!"

"அண்ணி! அண்ணனுக்குக் காது கேக்குதாம்!"

"சந்தோசம்னு சொல்லு!"

அம்சவள்ளி இல்லாத நேரத்துல தூது செவலைப் பசு. "செவலை, சோறு ஆறுது. திங்கறவங்க திங்கலாம்." அவரு மாட்டைப் பாத்து, "செவலை, உப்பு கம்மி"ம்பாரு. ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி மாட்டுக்குக் கழுத்து வலி.

ஒரு சாயங்காலம் அவரு மாட்டுகிட்டயே அபிப்பிராயம் சொல்லிப் பாத்தாரு. "கதாநாயகன் வில்லனை அடிச்ச அடிக்கு தவுட்டு மூட்டையே கிழிஞ்சிருக்கும் செவலை. அவன் மீசைகூட கோணல. இது ஞாயமா?" செவலை நெதானமா திரும்பி நின்னு, வாலைத் தூக்கி, தன்னோட அபிப்பிராயத்தைப் போட்டுட்டுது.

சிரிப்புதான் வந்துது. சிரிச்சிகினே கோகிலான்னு கூப்புட வாயைத் திறந்தாரு. சபதம் ஞாபகம் வந்துது. மூடிகினாரு. சொல்லாத சிரிப்பு தொண்டையில மீன்முள்ளு மாதிரி நின்னுகிச்சு.

கொட்டாயில அடுத்த படம் மாத்துனான். போனாரு, பாத்தாரு. படம் நல்லாவே இருந்துது. அதுதான் கொடுமை. மோசமான படத்தை மனசுக்குள்ளயே திட்டிட்டுத் தூங்கிடலாம். நல்ல படத்தை எத்தினி நேரம் ஒருத்தனா வெச்சிகினு இருக்கறது?

வூட்டுக்கு வந்தாரு. தட்டுல சோறு மூடி வெச்சிருந்துது. கோகிலாம்பாள் தோட்டத்து வாசப்படியில, வெளக்கில்லாத இருட்டுல, கிழக்கே பாத்து உக்காந்திருந்தா. காத்து வாங்குறா போலன்னு நெனச்சிகினாரு. ஒருத்தனா உக்காந்து சாப்ட்டாரு. தான் மெல்லுற சத்தம் தனக்கே கேட்டுது. இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் மொத தடவை கேக்குறாரு. தூரத்துல யாரோ பேசுற மாதிரியும் இருந்துது. எவன் வூட்டு ரேடியோவோன்னு விட்டுட்டாரு.

மறுநாள் காலையில கூடத்துக் கண்ணாடி முன்னால சவரம் பண்ணிகினு இருந்தாரு. பாதி மொகத்துல நுரை. தோட்டத்துலேருந்து கோகிலாம்பாள் குரலு, எப்பவும்விட ரெண்டு பங்கு சத்தமா.

"அம்சு! 'தங்கைக்கு வந்த தந்தி' கதை தெரியுமா ஒனக்கு?"

"சொல்லுங்கண்ணி!"

"அண்ணங்காரன் பட்டாளத்துக்குப் போறான். அங்க குண்டடி பட்டு..."

சரிதான்னாரு பக்கிரிசாமி, மனசுக்குள்ள.

"...பொழச்சிக்கிறான்."

சவரக்கத்தி நின்னுது. செத்துப்பூட்டான்னு அன்னிக்கு இவளேதான சொன்னா! பல்லைக் கடிச்சிகினாரு.

"பொழச்சி வந்து, பண்ணையார் பொண்ணைக் கட்டிக்கிறான்."

பண்ணையாருக்குப் பொண்ணே இல்லடி! தாடை துடிச்சுது. நுரை காதுவரைக்கும் ஏறிச்சு. சபதம், சபதம்.

"ஆனா அம்சு, தங்கச்சி பேசுற வசனம் ஒண்ணு இருக்குது பாரு. அண்ணன் ரயில் ஏறும்போது ஓடியாந்து, 'அண்ணா, நீ போனா எனக்கு யாருண்ணா'ன்னு கேக்குறா. கேட்டா கல்லும் கரைஞ்சிடும்!"

பக்கிரிசாமி கத்தியோட தோட்டத்துக்குப் பாஞ்சாரு.

"ஏ கோகிலா! தங்கச்சி ஊமைடி! கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டாடி! அவ பேசாததுதாண்டி படமே!"

வேலிக்கு அந்தாண்ட அம்சவள்ளி கையைத் தட்டுனா. கோகிலாம்பாள் முந்தானையால வாயைப் பொத்திகினா. செவலைகூட திரும்பிப் பாத்துது.

"பேசிட்டீங்க," ன்னா கோகிலாம்பாள்.

"படத்தையே பாக்காம தப்பு தப்பா சொன்னா யாருதான் சும்மா இருப்பான்?"

"தப்பா சொல்லணும்னா சரியா தெரிஞ்சிருக்கணும் இல்ல?"

"ஒனக்கு எப்படிடி தெரியும்?"

அவ கிழக்கே கையைக் காட்டுனா. "ராவுல கடல்காத்து இந்தாண்டதான வீசுது. கொட்டாயில ஓடுற படம் மொத்தமும் இந்த வாசப்படிக்கு வந்துடும். நீங்க ஒரு படத்தை ஒருக்காதான் பாக்குறீங்க. நான் அது ஓடுற வரைக்கும் தெனம் கேக்குறேன். ஒருத்தி வர்றா, எல்லாரும் அவகிட்ட பேசுறாங்க, அவ மட்டும் பதில் சொல்லவே மாட்டேன்றா. ஊமைன்னு தெரியாதா எனக்கு?"

"எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லையே!"

"முதல் ஆட்டத்துல நீங்க கொட்டாயில, இல்லாட்டி கடையில, லாரி சத்தத்துல. ரெண்டாம் ஆட்டம் ஓடுறப்ப இங்க நீங்க பேசிகினு இருப்பீங்க. அதுல எங்க கேக்கப் போவுது?"

அவருக்குச் சிரிப்பு வரல. அந்த வாசப்படியைப் பாத்தாரு. அவ உக்காந்து உக்காந்து ஒரு ஓரம் வழவழன்னு தேஞ்சிருந்துது. படம் மாத்துன ராத்திரியெல்லாம் அவரு கொட்டாயில ஒருத்தனா பாத்தாரு. இவ இங்க ஒருத்தியா கேட்டா. நடுவுல ஒரு வாய்க்கால்தான்.

"கெளம்பு," ன்னாரு, நுரையைத் தொடைச்சிகினே. "இன்னிக்கே போலாம். ஒவ்வொரு சீனா நான் வெளக்கிச் சொல்றேன்."

சாயங்காலம் பட்டுப்பொடவை கட்டிகினு வந்தா. பந்தயம் ஜெயிக்கப் பாடுபட்டவளாச்சேன்னு அம்சவள்ளியையும் இழுத்துகினு வந்தா. டிக்கெட் வாங்கி உள்ள போற வரைக்கும் பக்கிரிசாமி ஒண்ணை மறந்துட்டாரு. கொட்டாயில ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம். நடுவுல ஓலைத் தட்டி.

அவ அந்தாண்ட போயிட்டா. இவரு இந்தாண்ட பெஞ்சில, வெளக்கிச் சொல்ல வெச்சிருந்ததையெல்லாம் மடியில கட்டிகினு உக்காந்தாரு.

படம் ஆரம்பிச்சிது. தட்டிக்கு அந்தாண்டேருந்து குரலு வந்துது. "இவனா கதாநாயகன்? அட ஆண்டவனே! கொரலுக்கு இன்னும் ஒசரமா இருப்பான்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!" பொம்பளைங்க பக்கம் மொத்தமும் சிரிச்சிது. "ஏ அம்சு, இவதான் மாமியாரா? நேத்து ராவுல கேட்டப்ப இவளைக் காவக்காரன்னு இல்ல நெனச்சேன்!" மறுபடியும் சிரிப்பு. ஆம்பளைங்க பக்கத்துலயும் ஒவ்வொரு தலையா தட்டிப் பக்கம் சாஞ்சிது.

பக்கிரிசாமிக்குத் தாங்கல. பக்கத்துல மணப்பட்டுக்காரன் ஒருத்தன், இவரை முன்னப்பின்னத் தெரியாதவன், உக்காந்திருந்தான். புதுக் காது. மெதுவா அவன் தோளைத் தொட்டாரு.

"தம்பி, இந்த சீன்ல பாரு, டைரக்டரு இன்னா பண்ணியிருக்கான்னா..."

"சும்மா இருய்யா," ன்னான் அவன், தட்டியில காதை ஒட்டிகினே. "அந்தாண்ட ஒரு அக்கா பேசுது. படத்தைவிட அது நல்லா இருக்குது."