டிப்ஸ் வாங்கிப் பன்றியைத் தொலைத்த விவரம்

ஆக்லாந்தில் அத்தானோடும் நான்கு பிள்ளைகளோடும் நலமாயிருக்கும் என் மூத்த சகோதரி வைமோவானா அக்காவுக்கு, சவாயித் தீவிலிருந்து உன் தம்பி பெலெனாடோ மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் என் வீட்டுக்காரி தலிங்கியும் சுகம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். கடற்கரைக் குடில்கள் மூன்றும் போன மாதப் புயலில் பறக்காமல் நின்றன. அத்தான் குடும்பத் தலைவர் பட்டம் ஏற்கும் விருந்துக்கென்று நீ பணம் அனுப்பி வளர்க்கச் சொன்ன பன்றி மட்டும் இப்போது நம்மிடம் இல்லை. நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள்.

அந்த அமெரிக்கரை அனுப்பியது நீதான், அதை முதலில் ஒப்புக்கொள். நீ வேலை பார்க்கும் ஹோட்டலில் தங்கியவர், தங்கமான மனிதர், ஒரு வாரம் நம் குடிலில் இருக்கட்டும், குடும்ப மானத்தை வாங்கிவிடாதே என்று போனில் மூன்று தடவை சொன்னாய். பிரிக்ஸ் என்று பெயர். உண்மையில் தங்கமான மனிதர்தான், அதனால்தான் இவ்வளவு சேதம். செவ்வாய்க்கிழமை காலை கோகோ கொண்டுபோய் வைத்தேன். குடித்தார், எழுந்தார், இருபது தாலா நோட்டை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகித் தோளைத் தட்டினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதுவரை நம் குடிலுக்கு வந்த நியூசிலாந்துக்காரர்கள் காலி பாட்டிலைத் தவிர எதையும் விட்டுப்போனதில்லை. ஒரு மனிதர் நம் கையில் சும்மா பணத்தைத் திணித்தால் என்ன அர்த்தம், யாரோ செத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஓடிப்போய் யார் போய்விட்டார்கள் என்று தலிங்கியிடம் கேட்டேன். அவள் துணி துவைப்பதை நிறுத்தாமல், உன் பக்கத்தில் எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள், அதுதான் என் தலையெழுத்து என்றாள். பிறகு நோட்டைப் பார்த்ததும் அவளுக்கும் முகம் மாறியது. சாவு இல்லை, கல்யாணம் இல்லை, சபைக்குக் கூரை போடவில்லை, அப்படியென்றால் இது அன்பளிப்பு, வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் ஊர் காறித் துப்பும் என்றாள். அன்று சாயங்காலமே ஒரு கூடை டாரோக் கிழங்கைக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தேன்.

அவர் பார்த்தார். கண் கலங்கியது. ஐம்பது தாலாவை எடுத்து நீட்டினார்.

அவரிடம் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது அக்கா, எந்த நாட்டில் யாருக்கு எவ்வளவு டிப்ஸ் வைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதாம். நம் நாட்டுக்கு அதில் பக்கமே இல்லையாம், அதனால் தன் ஊர்க் கணக்கையே பிடித்துக்கொண்டாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஐம்பதுக்குக் கிழங்கு போதாது என்று தலிங்கி சொன்னதால் புதன்கிழமை சந்தையில் பெரிய மீன் வாங்கித் தேங்காய்ப்பாலில் சமைத்து, கூடவே இரண்டு சேவலைக் காலைக் கட்டிக் கொடுத்தோம். அதற்கு நூறு கொடுத்தார். சேவல்கள் விடிவதற்கு முன்பே அவர் தலைமாட்டில் நின்று கூவின, அதையும் அவர் ஏதோ தனிச் சேவை என்று நினைத்து இன்னொரு இருபது கொடுத்தார். வியாழக்கிழமை தலிங்கி அழுதுகொண்டே பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு அவள் அத்தைமார் எட்டு மாதம் பின்னிய பாயை எடுத்துக் கொடுத்தாள். பட்டுத்துணி மாதிரி மடியுமே, அதே பாய். பிரிக்ஸ் அதைத் தடவிப் பார்த்தார், பையைத் தடவிப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். தலிங்கி என் மணிக்கட்டையே வெகுநேரம் பார்த்தாள். இனிமேல் பன்றிதான் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பன்றியைக் கொண்டுபோய் அவர் குடிலின் தூணில் கட்டினேன். பிரிக்ஸ் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தவர், அதைப் பார்த்ததும் பிரஷ்ஷோடு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெலெனாடோ, உண்மையச் சொல்லுங்க. உங்க மனசு நோகுற மாதிரி நான் ஏதாவது பண்ணிட்டேனா?"

"நானா நோகுறேன்? நீங்கதாங்க எங்கள விடவே மாட்டேங்கறீங்க."

"நான் குடுக்கறது போதலைன்னுதானே நீங்க மேல மேல கொண்டாந்து வெக்கிறீங்க? எங்கிட்ட இனிமே ஊருக்குப் போற டிக்கெட்டும் இந்தக் கால்சட்டையும்தான் மிச்சம்."

"ஐயா, எங்கிட்ட பொண்டாட்டி மட்டும்தான் மிச்சம். நாளைக்கு நீங்க இன்னொரு நோட்ட நீட்டுனா தன்னக் கட்டிக் கொண்டாந்துடுவேன்னு பயந்து, அவ அம்மா வீட்டுக்கு மூட்ட கட்டிட்டிருக்கா."

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் வாயில் இருந்த பற்பசை நுரை முழுவதும் பன்றியின் மேல் தெறித்தது. அன்றைக்கு இரண்டு பேரும் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தோம், இனி யாரும் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை என்று. ஆனால் கொடுத்த பன்றியைத் திருப்பி வாங்கினால் எனக்கு முகம் ஏது? அவராலும் அதை விமானத்தில் ஏற்ற முடியாது. பாவம், அவர் தானாகவே யோசித்து ஒரு நல்ல காரியம் செய்தார். சனிக்கிழமை பன்றி, பாய், சேவல் எல்லாவற்றையும் நம் போதகர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்ற வார்த்தையை நம் போதகர் பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகாதவர்.

ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பட்டியல் வாசித்தார்கள். அமெரிக்கா பிரிக்ஸ், பெரிய பன்றி ஒன்று, பாய் ஒன்று, சேவல் இரண்டு. பெலெனாடோ குடும்பம் என்று சொல்லிவிட்டுப் போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஐந்து தாலா. அவ்வளவுதான் இருந்தது அக்கா, அவர் தந்த நோட்டெல்லாம் மீனுக்கும் சேவலுக்கும் வைத்த கடனுக்கே போய்விட்டது, மிச்சம் இருந்த கடிகாரமோ இன்னும் அமெரிக்க நேரம் காட்டுகிறது. கடல் தாண்டி வந்தவரைப் பார்த்துக் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று போதகர் அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணினார். மொத்த சபையும் திரும்பி என்னைப் பார்த்தது. தலிங்கி கிள்ளிய இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. பக்கத்தில் பிரிக்ஸ் முகமெல்லாம் மலர்ந்து என் காதில், "கடைசியில ஒண்ணாவது சரியாப் பண்ணிட்டேன் போல" என்றார். ஆமாங்க என்றேன். வேறென்ன சொல்வது?

திங்கட்கிழமை படகுத்துறையில் விடைபெறும்போது பழக்கதோஷத்தில் அவர் கை மெல்லக் கால்சட்டைப் பைக்குள் போனது. நான் சட்டென்று அந்தக் கையைப் பைக்குள்ளேயே பிடித்துக்கொண்டேன். படகு ஊதும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம், விட மனசு வரவில்லை. படகு மறையும்வரை துறையிலேயே நின்று கையாட்டினேன், பன்றிக்காக இல்லை.

ஆகையால் கோபிக்காமல், பட்டமேற்புக்கு இன்னொரு பன்றி வாங்கப் பணம் அனுப்பவும். இனி யாரை அனுப்பினாலும் இதைச் சொல்லி அனுப்பு: குடிலுக்குப் போட்டிருக்கும் வாடகையைக் கொடு, போடுவதைச் சாப்பிடு, நன்றி சொல், கை அரித்தால் கடலில் நனை. உன் வீட்டுக் கூரையும் அதன் கீழ் உள்ள எல்லாரும் கர்த்தர் காவலில் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கும்,

உன் அன்புத் தம்பி,
பெலெனாடோ

பி.கு.: கர்த்தர் பெயரை எழுதிய கடிதத்தில் பொய் இருக்கக் கூடாது என்று தலிங்கி பேனாவைப் பிடித்து இழுக்கிறாள். பிரிக்ஸுக்குக் கட்டிக்கொடுத்தது உன் பன்றி இல்லை. உன்னுடையதை ஆகஸ்டில் தந்தையர் ஞாயிறன்றே சாப்பிட்டாகிவிட்டது, நன்றாக இருந்தது. இது பக்கத்து வீட்டு லஃபாயேலேயுடையது, வெளியூர் போயிருக்கும் அவன் திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவிழ்த்தேன். நாளைக் காலைப் படகில் வருகிறான். இரண்டு பன்றிக்கான பணமாகவே அனுப்பு.