புள்ளியண்ணன் போன கல்யாணம்

தேனி மாவட்டத்திலேயே டீக்கடைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் பீடியை மறைக்கிற ஒரே ஆள் புள்ளியண்ணன்தான். போலீஸுக்குக்கூட இங்கே அந்த மரியாதை கிடையாது.

பழனிசெட்டிபட்டியில் ஒரு போதை மறுவாழ்வு ஆஸ்பத்திரியில், ரெக்கார்டு ரூமில் அவருக்கு வேலை. டாக்டர் எழுதுகிற நோய்க்கு உரிய எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். குடிக்கு எஃப் பத்து, கஞ்சாவுக்கு எஃப் பன்னிரண்டு, புகையிலைக்கு எஃப் பதினேழு. அதோடு விடமாட்டார், புள்ளிக்குப் பின்னால் என்ன என்று கேட்பார். ஒன்று என்றால் உடம்பைக் கெடுக்கிற பழக்கம். இரண்டு என்றால் விட முடியாத பிடிப்பு. இரண்டுக்குப் பக்கத்தில் சைபர் விழுந்தால், ஆள் இப்போது விட்டுவிட்டார். டாக்டர் வெறுமனே ‘கஞ்சா’ என்று எழுதிவிட்டுக் கிளம்பினால், ஓடிப்போய்க் கார் கண்ணாடியைத் தட்டுவார். பெயர் வந்த கதை அதுதான்.

நான் அங்கே வார்டில் எடுபிடி. எட்டாவதோடு படிப்பை விட்டவன். லிஃப்ட் நின்றுவிடுமோ, சிலிண்டர் வெடித்துவிடுமோ என்று எதற்கெடுத்தாலும் பயம். இதற்கும் ஓர் எண் உண்டா என்று ஒருநாள் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டாக்டர் எழுதட்டும், போடுகிறேன் என்றார். அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

வெளியிலும் அவருக்கு அதே கண்தான். ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார, மோந்து பார்த்துவிட்டு, “எஃப் பத்து. புள்ளிக்குப் பின்னாடி தெரியல” என்று சபையிலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் பத்திரிகை வைப்பதில்லை. தங்கியிருந்த லாட்ஜ் அறையில் தனியாகப் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

என் மச்சான் கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். எங்கள் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, கஞ்சாவை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசியாகக் காட்ட வந்தபோது டாக்டர் பழைய நோய்ப் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டார். யாரோ போட்டுக்கொடுக்க, ஜீப் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: விட்டுவிட்டான் என்று ஆஸ்பத்திரிக் காகிதம் நாளைக் காலையில் வர வேண்டும், இல்லாவிட்டால் சாவி வேறு ஆளுக்கு.

புள்ளியண்ணனிடம் ஓடினேன். “அந்த சைபரை மட்டும் போட்டுக் குடுத்துருங்கண்ணே.”

“டாக்டரு எழுதாமப் போடமாட்டேன்டா. உன் மச்சானுக்குன்னு இன்னைக்குப் போட்டா, நாளைக்கு விடாதவனுக்கும் போடுவேன். அவன் இருவது பேர ஏத்திக்கிட்டு மலையில போவான்.”

“டாக்டரு ஆண்டிபட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாகண்ணே.”

“அங்கனக்கி பஸ்ஸே இல்லையாக்கும்?”

மச்சானையும் வரச் சொல்லிவிட்டு, அவருடைய ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புள்ளியண்ணனும் எங்களோடு கிளம்பினார். டயர் வெடிக்குமோ, டாக்டர் சாப்பிட்டுக் கிளம்பியிருப்பாரோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். டாக்டர் பந்தியில்தான் இருந்தார். புள்ளியண்ணன் அவர் இலைக்கு எதிரே போய் நின்று, “சார், புள்ளிக்குப் பின்னாடி” என்றார். வாய்க்குப் போன அப்பளம் பாதி வழியில் நின்றது.

கை கழுவிய டாக்டர், மண்டபத்துக்குப் பின்னால் மச்சானை நிறுத்தி வைத்துக் குடைந்து எடுத்தார். ஃபைலில் இருந்த பரிசோதனை முடிவுகளையெல்லாம் பார்த்தார். பிறகு, இப்போது பழக்கம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மச்சான் அழுதேவிட்டார்.

திரும்பினால் புள்ளியண்ணனைக் காணோம். பெண்ணின் அப்பா அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்து, கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்திருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டார்.

“எந்திரிக்கத்தான் பார்த்தேன். பாயாசம் வருதுன்னாக.”

அன்று சாயங்காலமே சைபர் ஏறியது. மச்சான் இன்றும் ஜீப் ஓட்டுகிறார். புள்ளியண்ணனைத்தான் போன வருஷம் கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். மச்சான் மகளுக்குக் காது குத்து வைத்தபோது முதல் பத்திரிகை அவருக்குத்தான் போனது. வரப் பார்க்கிறேன் என்று போனில் சொன்னார். விசேஷத்தன்று ஆளைக் காணோம். பஸ் கிடைக்கவில்லையோ, உடம்புக்கு என்னவோ. கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்கு யார் வந்தாலும், ஆள் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.